மைனஸ் 15இல் மின்சாரக் கார்: சூட்டுக்கு ஒரு கணக்கு, தூரத்துக்கு ஒரு கணக்கு

கோடையில் 375 கிலோமீற்றர் ஓடிய கார் ஜனவரியில் 240க்கு இறங்கிவிட்டால், பற்றரி பழுதாகிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. 2025 பெப்ரவரியில் கனடிய வாகனச் சங்கமான சிஏஏ, பல மின்சாரக் கார்களை ஒட்டாவாவிலிருந்து மொன் த்ரொம்பிளான் வரை மைனஸ் 7 முதல் மைனஸ் 15 பாகைக் குளிரில் ஓட்டிப் பார்த்தது. அறிவிக்கப்பட்ட தூரத்தில் 14 வீதம் குறைந்த காரும் இருந்தது, 39 வீதம் குறைந்த காரும் இருந்தது. காரின் வடிவமைப்பைப் பொறுத்த வேறுபாட்டை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஒரே காரை இரண்டு பேர் ஓட்டினாலும் வேறுபாடு வரும். இங்கே பேசப்போவது அதைப் பற்றித்தான்.

பெற்றோல் எஞ்சின், தான் எரிக்கும் எரிபொருளில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே விடுகிறது. குளிர்காலத்தில் அந்த வீண்சூட்டைத்தான் காருக்குள் திருப்பிவிடுகிறார்கள், அதற்குத் தனிச் செலவு கிடையாது. மின் மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை. அதனால் உள்ளே இருப்பவருக்கான சூட்டையும் பற்றரிக்கான சூட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சுவரிலிருந்து வாங்குகிறோமா, பற்றரியிலிருந்து வாங்குகிறோமா என்பதில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது.

பற்றரிக்கு ஏன் சூடு வேண்டும்? லித்தியம் பற்றரியின் உள்ளே இருக்கும் திரவம் குளிரில் தடித்துவிடும், உள்தடை கூடிவிடும். இருக்கும் மின்சாரம் முழுதாக வெளியே வராது. சார்ஜ் ஏற்றும்போது பிரச்சினை இன்னும் பெரிது. உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால், லித்தியம் பற்றரியின் ஒரு முனையிலுள்ள கிராஃபைற்றுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. அதைத் தடுக்கத்தான் காரின் கணினி சார்ஜ் வேகத்தையும், வேகம் குறையும்போது மின்சாரம் திரும்பச் சேரும் அளவையும் கட்டுப்படுத்துகிறது. கார் பிடிவாதம் பிடிப்பதாகத் தோன்றினாலும் அது செய்வது சரி.

மணிக்கணக்கும் கிலோமீற்றர் கணக்கும்

மின் பில்லில் ஒரு யூனிற் என்பது ஒரு கிலோவாற் மணி. 60 யூனிற் பற்றரி உள்ள ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்வோம். கோடையில் நூறு கிலோமீற்றருக்கு 16 யூனிற் எடுக்கும். மைனஸ் 15இல், ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் மணிக்கு 100இல் போனால் ஓடுவதற்கே 21 அளவில் எடுக்கும். குளிர்ந்த காற்று 20 பாகைக் காற்றைவிட 13, 14 வீதம் அடர்த்தியானது. வின்ரர் ரயர் கூடுதலாக இழுக்கும். வீதியில் சேறும் ஸ்னோவும் கிடக்கும். இதற்கு மேல் ஹீற்றர்.

ஹீற்றர் எரிப்பது மணிக்கணக்கில். புறப்படும்போது 5, 6 கிலோவாற் இழுத்து, உள்ளே சூடானதும் இந்தக் குளிரில் 3 கிலோவாற் அளவில் நிற்கும் என்று வைப்போம். நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலத்தில் 100 கிலோமீற்றர் போய்விடுவதால் ஹீற்றரின் பங்கு நூறு கிலோமீற்றருக்கு 3 யூனிற்தான். நகர நெரிசலில் சராசரி வேகம் 25 என்றால் அதே ஹீற்றர் அதே தூரத்துக்கு 12 யூனிற் தின்றுவிடும். ஆறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கடைக்குக் குளிர்ந்த காரில் போனால், கால் மணித்தியாலத்தில் சூடேற்றவே ஒன்றேகால் யூனிற் போகும். நூறு கிலோமீற்றருக்குக் கணக்கிட்டால் ஹீற்றருக்கு மட்டும் 20க்கு மேல்.

ஆகவே நெடுஞ்சாலையில் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும். நகரத்தில் மிச்சம் பிடிக்கச் சூட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம்: நகரத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டு போவார்கள், 401இல் ஹீற்றரை அணைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே 120இல் பறப்பார்கள். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 100இலிருந்து 120க்குப் போனால் அந்தத் தடைக்கான செலவு 44 வீதம் கூடும். ஹீற்றரை அணைத்து மிச்சம் பிடித்ததைவிட அது அதிகம்.

புறப்படுமுன்

400 கிலோ எடையுள்ள பற்றரியை 20 பாகை சூடேற்ற இரண்டு யூனிற்றுக்குச் சற்று மேல் வேண்டும். காரின் உட்பகுதிக்கு இன்னும் ஒன்று. இந்த மூன்று யூனிற்றும் பற்றரியிலிருந்து போனால் 12 கிலோமீற்றர் குறையும்; சுவரிலிருந்து வந்தால் சில சதங்களோடு முடியும்.

காரின் செயலியிலோ திரையிலோ 'புறப்படும் நேரம்' என்று ஓர் அமைப்பு இருக்கும். சார்ஜ் தொடங்கும் நேரத்தைக் கொடுப்பதைவிட இதைக் கொடுப்பது நல்லது. சார்ஜ் விடியற்காலையில் முடியும்படி கார் தானே பார்த்துக்கொள்ளும். ஏறி முடித்த பற்றரி சூடாகவே இருக்கும். இரவு ஒன்பதுக்குச் சார்ஜ் முடிந்து காலை ஏழு வரை வெளியே நின்றால் அந்தச் சூடு போய்விடும். உள்ளே சூடேற்றுவதற்கு மைனஸ் 5இல் 20 நிமிடம் போதும், மைனஸ் 15இல் 30, 40 நிமிடம் கொடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிடுவதில் பயனில்லை.

ஒன்ராறியோவில் 2023இல் வந்த மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டம் இதற்கு நன்றாகப் பொருந்தும். இரவு 11 முதல் காலை 7 வரை விலை மிகக் குறைவு. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை ஏறத்தாழ பத்து மடங்கு. இது தானாக வராது, உங்கள் மின் நிறுவனத்திடம் கேட்டு மாறிக்கொள்ள வேண்டும். வீட்டில் பகலிலும் மாலையிலும் மின்சார அடுப்பும் உலர்த்தியும் ஓடிக்கொண்டிருந்தால், மாறுமுன் பழைய பில்லை எடுத்துக் கணக்குப் பாருங்கள். மாறியவர்கள் எட்டு மணிக்குத்தான் புறப்படுவதென்றாலும் புறப்படும் நேரத்தை 7 என்று கொடுத்துவிடலாம். கராஜுக்குள் நிற்கும் கார் ஒரு மணித்தியாலத்தில் பெரிதாகக் குளிர்ந்துவிடாது.

வீட்டுச் சாதாரண பிளக்கில் ஏற்றுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 120 வோல்ற், 12 அம்பியர் என்றால் 1.4 கிலோவாற். வெளியே நிற்கும் காரில் கடுங்குளிரில் இதில் கணிசமான பகுதி பற்றரியைச் சூடாக வைக்கவே போய்விடும். இரவு முழுக்கச் செருகியிருந்தும் சில வீதம்தான் ஏறியிருக்கும். காலையில் ஹீற்றர் 5 கிலோவாற் கேட்கும்போது சுவர் கொடுப்பது 1.4, மீதி பற்றரியிலிருந்துதான். 240 வோல்ற், 40 அம்பியர் பிரேக்கரில் 32 அம்பியர் எடுக்கும் சார்ஜர் 7.7 கிலோவாற் கொடுக்கும். கோடையில் சாதாரண பிளக்கோடு சமாளித்தவர்களும் முதலாவது வின்ரரில் மின்பணியாளரைக் கூப்பிடுவது இதனால்தான்.

தினசரி சார்ஜை 80 வீதத்தில் நிறுத்துவதற்குக் குளிர்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. குளிர்ந்த பற்றரி திரும்பி வரும் மின்சாரத்தைக் குறைவாகத்தான் வாங்கும். அது நிறைந்தும் இருந்தால் அறவே வாங்காது. இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரி, அதாவது எல்எஃப்பி உள்ள கார்களுக்கு இந்த 80 வீத எல்லை பொருந்தாது. தயாரிப்பாளர் வாரம் ஒருமுறை நூறு வரை ஏற்றச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால் திரையில் காட்டும் வீதம் பிழைக்கும். இந்த வகைப் பற்றரி குளிரில் சார்ஜ் வாங்க மற்றதைவிடச் சிரமப்படும் என்பதால் முன்சூடாக்கல் இதற்கு இன்னும் அவசியம்.

வீட்டில் சார்ஜர் இல்லாமல் தொடர்மாடியில் இருப்பவர்களின் பாடுதான் கடினம். அவர்களுக்கு ஒரே வழி: வேலை முடிந்து திரும்பும்போது, பற்றரி ஓடிச் சூடாக இருக்கும் வேளையிலேயே பொதுச் சார்ஜரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவது. காலையில் எழுந்து குளிர்ந்த காரை நேரே சார்ஜருக்குக் கொண்டுபோனால் அரை மணித்தியால வேலை ஒரு மணித்தியாலம் ஆகும். நிமிடக் கணக்கில் காசு அறவிடும் இடமென்றால் பணமும் இரட்டிப்பாகும். நிலக்கீழ்த் தரிப்பிடம் கிடைக்குமானால் விடாதீர்கள். பல அலுவல்களை ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். அதிலும் தூரமான இடத்துக்கு முதலில் போங்கள். பற்றரி அங்கே போவதற்குள் சூடாகிவிடும், திரும்பும் வழியில் சின்னச் சின்ன நிறுத்தங்களில் அந்தச் சூடு தாங்கும்.

காருக்குள்

சீற் சூடாக்கி ஓர் ஆளுக்கு 50 முதல் 100 வாற் வரைதான் எடுக்கும். ஹீற்றர் எடுப்பது அதைப்போல முப்பது மடங்கு. சீற்றையும் ஸ்ரியறிங் சூட்டையும் போட்டுக்கொண்டு உள்வெப்பத்தை 22இலிருந்து 18, 19க்கு இறக்கினால் பெரும்பாலானோருக்கு வித்தியாசம் தெரியாது. தனியாகப் போகும்போது ஹியுண்டாய், கியா கார்களில் 'டிரைவர் மட்டும்' என்ற பொத்தானை அழுத்தலாம். மற்றப் பக்கக் காற்றுவழிகள் அடைபடும். பின்சீற்றில் குழந்தை இருந்தால் இந்தச் சிக்கனங்களை மறந்துவிடுங்கள்.

உள்காற்றையே சுழலவிட்டால் சூடு மிச்சம்தான். ஆனால் நாலு பேர் மூச்சு விடும் காரில் பத்து நிமிடத்தில் முன்கண்ணாடி மங்கிவிடும். சப்பாத்தோடு வந்த ஸ்னோ கால்விரிப்பில் உருகி நிற்பதும் இதற்குக் காரணம். ஏறுமுன் சப்பாத்தைத் தட்டுங்கள், விரிப்பில் நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கண்ணாடி மங்கத் தொடங்கினால் வெளிக்காற்றுக்கு மாற்றி ஏசியைப் போடுங்கள். குளிர்காலத்தில் ஏசியா என்று கேட்க வேண்டாம், அது ஈரத்தை எடுக்கும். பார்வை தெளியுமட்டும் மின்சாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே கொண்டுவரும் வெப்ப பம்ப் உள்ள காரா என்பதை வாங்கும்போதே பாருங்கள். 0 பாகை அளவில் ஒரு கிலோவாற் மின்சாரத்துக்கு அது இரண்டு, மூன்று கிலோவாற் சூடு தரும். குளிர் கூடக்கூட இந்த லாபம் தேயும். மைனஸ் 20இல் சாதாரண ஹீற்றருக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. ரொறன்ரோ, வன்கூவர் வின்ரருக்கு அது காசுக்குத் தகும். வின்னிபெக் ஜனவரிக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ரயர்

வெப்பம் ஒவ்வொரு 5, 6 பாகை இறங்கும்போதும் ரயர் அமுக்கம் ஒரு பிஎஸ்ஐ குறையும். ஒக்ரோபர் ஆரம்பத்தில் 20 பாகையில் 42 வைத்த ரயர், மைனஸ் 15இல் 35, 36இல் நிற்கும். கார் கனக்கும், தூரம் குறையும், ரயரின் ஓரங்கள் தேயும். டிரைவர் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவு, கார் ஓடாமல் வெளிக்குளிரில் நிற்கும்போது இருக்க வேண்டிய அளவு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 10 பாகை உள்ள கராஜுக்குள் வைத்து 42 அடித்துவிட்டு மைனஸ் 15க்குள் போனால் அது 37, 38 ஆகிவிடும். கராஜுக்குள் அடிப்பதென்றால் நாலு, ஐந்து பிஎஸ்ஐ கூட்டி அடியுங்கள்.

வின்ரர் ரயர் போட்டால் தூரம் கொஞ்சம் குறையும். அதற்காகப் போடாமல் விடுவது புத்தியல்ல. கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் காப்புறுதியில் கழிவு கிடைக்கும். மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம் ரயரின் பக்கத்தில் இருக்க வேண்டும். மின்சாரக் கார் பாரம் கூடியது, ஆகவே சுமைச் சுட்டெண் காரோடு வந்த ரயரின் அளவுக்குக் குறையாமல் பாருங்கள்.

பிரேக்

குளிர்ந்த காரில் வேகமிதியிலிருந்து காலை எடுத்ததும் வழமைபோல் வேகம் குறையாது. மின்சாரம் திரும்பச் சேர்வதை, அதாவது மீள்சேர்ப்பை, கணினி மட்டுப்படுத்தியிருக்கும். சில கார்களில் திரையில் புள்ளிக்கோடாகத் தெரியும். பிரேக்கைத் தொடாமல் ஒற்றை மிதியில் ஓட்டிப் பழகியவர்கள் காலையில் முதல் சிக்னலில் இதை மறந்துவிடுவார்கள். பிரேக்கில் கால் தயாராக இருக்கட்டும்.

ஐஸ் வீதியில் இதற்கு நேர்மாறான ஆபத்து. காலைச் சட்டென்று எடுத்தால் மோட்டார் பூட்டிய சில்லுகளில் மட்டும் பிரேக் விழும். பின்சில்லில் ஓடும் கார் என்றால் வளைவில் வால் வீசும். வழுக்கும் நாளில் மீள்சேர்ப்பைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள், ஸ்னோ நிலை இருந்தால் அதைப் போடுங்கள். இழக்கும் மின்சாரம் அற்பம்.

உப்பு போடும் ஊரில் மின்சாரக் காரின் பிரேக் தேய்ந்து பழுதாவதில்லை, துருப்பிடித்துப் பழுதாகும். காரணம் அதை யாரும் மிதிப்பதில்லை. காய்ந்த வீதியில் மீள்சேர்ப்பைக் குறைத்துவிட்டு, பின்னால் யாரும் இல்லாதபோது நாலைந்து முறை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். தட்டிலுள்ள துரு உரியும். வருடத்துக்கு ஒருமுறை, ரயர் மாற்றும்போதே, காலிப்பர் ஊசிகளைத் துடைத்துக் கிறீஸ் போடச் சொல்லுங்கள்.

401இல் மொன்றியல் வரை

401இன் வெளிவழி எண்கள் கிலோமீற்றர் கணக்கு என்பது திட்டம் போட உதவும். ஸ்காபரோ மார்க்கம் வீதி 383, பெல்வில் 543, கிங்ஸ்ரன் 617, புறொக்வில் 696, கோர்ன்வோல் 789. கழித்துப் பார்த்தால் தூரம் வந்துவிடும்.

அதே 60 யூனிற் கார், மைனஸ் 15, ஓடுவதற்கும் ஹீற்றருக்கும் சேர்த்து நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 யூனிற். ஸ்காபரோவிலிருந்து 95 வீதத்தில் புறப்பட்டு 15 வீதத்தைத் தொடாமல் வைத்திருந்தால் கையில் 48 யூனிற், அதாவது 192 கிலோமீற்றர். கோடையில் நிற்காமல் தாண்டிப்போகும் கிங்ஸ்ரன் 234இல் இருக்கிறது, எட்டாது. 160இல் உள்ள பெல்வில்லில் நில்லுங்கள். 28 வீதத்தோடு போய்ச் சேர்வீர்கள். 85 வரை ஏற்றினால் 153 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் புறொக்வில்லுக்கு 20 வீதம் மிச்சத்தோடு போகலாம். அங்கிருந்து மொன்றியலுக்கு ஏறத்தாழ 200. அதற்காக நூறு வீதம் வரை காத்திருப்பதைவிட 75இல் கிளம்பிக் கோர்ன்வோலில் இன்னொரு தடவை குறுகிய நேரம் நிற்பது விரைவு, 80க்கு மேல் சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும். திரும்பி வரும்போது மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும் நாட்கள் அதிகம். கலியாணவீட்டுக்குப் போன கணக்கைத் திரும்பி வரும்போது நம்பாதீர்கள், பத்து வீதம் கூட்டிப் போடுங்கள். திரை காட்டும் மிச்சத் தூரம் அண்மையில் ஓடியதை வைத்துச் சொல்லும் ஊகம்தான். நூறு கிலோமீற்றருக்கு எத்தனை யூனிற் என்ற எண்ணைப் பாருங்கள்.

வேகச் சார்ஜரில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: காரின் சொந்த வழிகாட்டியில் அந்த நிலையத்தைச் சேருமிடமாகப் போடுங்கள். கைத்தொலைபேசி வரைபடத்தில் போட்டால் பற்றரிக்குத் தெரியாது. முன்சூடாக்கும் வசதியுள்ள கார்கள் அரை மணித்தியாலத்துக்கு முன்பே பற்றரியைச் சூடேற்றத் தொடங்கும். ஹியுண்டாய் அயோனிக் 5 போன்றவற்றில் அமைப்புகளுக்குள் போய் வின்ரர் நிலையை ஒருமுறை இயக்கிவிட வேண்டும். குளிர்ந்த பற்றரிக்கு 150 கிலோவாற் சார்ஜரிலும் 30, 40தான் ஏறும். பழைய நிசான் லீஃப், ஷெவர்லே போல்ற் போன்றவற்றில் இப்படி முன்சூடாக்க வழியில்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு சார்ஜருக்குப் போவதுதான் அவற்றுக்கான முன்சூடாக்கல்.

2024 ஜனவரியில் சிக்காகோவில் கடுங்குளிரில் ரெஸ்லா கார்கள் சார்ஜ் நிலையங்களில் வரிசையாகச் செத்துக் கிடந்த படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். முன்சூடாக்காமல், மிகக் குறைந்த சார்ஜோடு வந்த கார்கள் நீண்ட நேரம் எடுத்தன. அதனால் வரிசை நீண்டது. வரிசையில் நின்றவர்கள் ஹீற்றரில் மீதியையும் தீர்த்தார்கள். கடுங்குளிர் எச்சரிக்கை வந்தால் 30 வீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள், முதல் நாளே ஏற்றிவிடுங்கள்.

உறைதலும் சில்லறைத் தொல்லைகளும்

உறைமழை பெய்த இரவுக்குப் பிறகு சார்ஜ் மூடி திறக்காது. உள்ளங்கையின் ஓரத்தால் மூடியைச் சுற்றித் தட்டினால் ஐஸ் வெடித்து விழும். அதற்கும் அசையாவிட்டால் காரைச் சூடேற்றிக் காத்திருங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், அது உள்ளே இறங்கி மறுபடி உறையும். ரப்பர் விளிம்பில் நவம்பரிலேயே சிலிக்கோன் தடவிவைப்பது நல்லது. செருகிய பிளக் கழலாவிட்டால் பூட்டுமுள் உறைந்திருக்கும். செயலியில் திறந்து, பிளக்கைச் சற்று உள்ளே தள்ளியபடி பிறகு இழுங்கள், முரட்டுத்தனம் வேண்டாம்.

காரின் கணினியையும் பூட்டுகளையும் இயக்கும் சின்ன 12 வோல்ற் பற்றரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய பற்றரியில் 80 வீதம் இருந்தாலும் இந்தச் சின்னது செத்தால் கார் கண் விழிக்காது. நாலு, ஐந்து வயதானால் வின்ரருக்கு முன் சோதியுங்கள்.

ஸ்னோவில் மாட்டிக்கொண்டால் மின்சாரக் கார் நீங்கள் அஞ்சுவதைவிட நல்ல இடம். ஓடாமல் நிற்கும் காரை 18 பாகையில் வைக்க 1.5 முதல் 2 கிலோவாற் போதுமென்றால், 70 வீதம் உள்ள 60 யூனிற் பற்றரி இருபது மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். புகைபோக்கி ஸ்னோவில் அடைபட்டு நச்சுவாயு உள்ளே வரும் ஆபத்தும் இல்லை. ஒரு போர்வை இருந்தால் சீற் சூட்டோடு இன்னும் பல மணித்தியாலம்.

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் காரை விட்டு இரண்டு கிழமை ஊருக்குப் போகிறவர்கள் 70, 80 வீதத்தில் நிறுத்துங்கள். காவல் கமராவை அணைத்துவிடுங்கள். 250 வாற் இழுத்தாலே ஒரு நாளைக்கு 6 யூனிற், 60 யூனிற் பற்றரியில் பத்தில் ஒரு பங்கு. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செயலியைத் திறந்து திறந்து கார் எப்படி இருக்கிறதென்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது தூக்கம் கலைந்து மின்சாரம் எடுக்கும். திரும்பி விமானம் இறங்கியதும், பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் சூடேற்றினால் போதும்.